மகளிர் மடியிலிருந்த வெட்டி

வெட்டும் கருவி என்றவுடன் போர்க்களமும் ஆடவர்தம் இடைக்கச்சையுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின் பெண்டிர் நாள்தோறும் உடன்கொண்ட, சித்திரம் பொறித்த கூரிய கருவி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. பாக்குவெட்டியே அது.

மாத்தளை, 1815-இல் ஆங்கிலேயர் கைப்பட்ட கண்டியரசின் நிலப்பகுதி. அம்மலைநாட்டுக் கம்மியர் இரும்பிலும் பித்தளையிலும் பாக்குவெட்டிகளை வடித்தனர். இரு கைகள் ஒருமுனையில் ஆணியாற் பிணைக்கப்பெறும். மேற்கையில் அலகு அமையும். கீழ்க்கை பாக்கைத் தாங்கும். இவ்வளவே இதன் அமைப்பு. எனினும் அச்சிறு பரப்பிலே கொடியும் மலரும் செதுக்கினர். சிலவற்றில் வெள்ளியும் இழைத்தனர். பறவையாகவும் குதிரையாகவும் உருக்கொண்டனவும் உள. சிங்களத்தில் இதனைக் 'கிரய' என்பர். தமிழ்த் தந்தைக்கு மகனாய்ப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து 1908-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார் என்பது நாம் பெருமிதங்கொள்ளத்தக்கது.

சிங்களப் பெண்டிரின் வெற்றிலைப் பையிலும், தமிழ்ப் பெண்டிரின் சுருக்குப்பையிலும் சுண்ணாம்புக் கரண்டகத்தோடு இஃது உடனுறைந்தது. இரு மொழியினர் கையிலும் ஒரே கருவி! ஐரோப்பியரோ பொருளோடு பெயரையும் கொண்டு சென்றனர். 'வெற்றிலை', 'அடைக்காய்' என்பவற்றின் மலையாள வடிவங்களே போர்த்துக்கேயர் வாயிலாக 'பீட்டல்', 'அரிக்கா' என ஆங்கிலத்திற் புகுந்தன.

பாக்கு மெல்லுதல் புற்றுநோய்க்கு ஏதுவாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி கூறிற்று. ஆதலின் அவ்வழக்கம் ஒழிதல் நன்றே. ஆயின் வழக்கம் தீங்குடைத்தாயின் கைவினையும் தீங்குடைத்தாமோ? நஞ்சு பாக்கில் உளது, சித்திரத்தில் இல்லை.

பழம்பொருள் வணிகர்க்கு விற்ற வெட்டி எங்கேனும் ஒரு கண்ணாடிப் பேழையை அடையலாம். அங்கே உலோகமும் அளவும் எழுதப்பெறும். அதனைக் கையாண்ட பாட்டியின் பெயர் பெரும்பாலும் இராது. அப்பெயரை அறிந்தோர் வீட்டிலுள்ள முதியோரே. அவரும் மறைந்தபின் யாரைக் கேட்போம்?

எனவே அன்பர்காள், உங்கள் பரணில் அத்தகைய வெட்டி ஒன்று கிடக்குமாயின், பித்தளை விலைக்கு எடைபோடாதீர். துரு நீக்கி எண்ணெய் பூசுங்கள். எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்ததென முதியோரை இன்றே வினவி, ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். பாக்கை விடுவோம், பாட்டியின் பெயரை விடாதிருப்போம்.