மலையோடைக்கும் ஆற்றுக்கும் ஒரே வள்ளம்

நம் கல்லூரி நாட்களில் நாம் அறிந்த நீர் கடலும் களப்பும் கிணறுமே. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லி மனநிறைவு கொண்டவர் நாம். ஆயினும், ஆழமற்ற பரவைக்கடலிற் கோலூன்றிச் செல்லும் வள்ளத்தின் அடிப்புறமும் அலைகடலுக்குச் செல்லும் வள்ளத்தின் அடிப்புறமும் ஒன்றாக இருத்தல் ஆகாது என்பதைக் கரையோரத்துச் சிறுவனும் அறிவான். பிற்காலத்தில் பொறியியல் கற்க இங்கிலாந்து சென்ற அடியேன், டெவன் பகுதியிலுள்ள டார்ட் ஆற்றிற் கயாக் செலுத்தப் பழகினேன். அங்கே என்னைப் பற்றிக்கொண்ட வினா இது: செங்குத்தாக இறங்கும் மலையோடைக்கும் அகன்று பாயும் ஆற்றுக்கும் ஒரே வள்ளத்தை அமைத்தல் கூடுமா?

கயாக் என்பது ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பினாற் செலுத்தும், மேற்புறம் மூடிய சிறு வள்ளம். ஆர்க்டிக்குப் பகுதியின் இனுயிற் மக்கள் சட்டத்தின்மேற் கடல்நாய்த் தோல் போர்த்துச் செய்த வேட்டை வள்ளமே இதன் மூலம். செர்மனியின் ரோசன்கைம் நகரில் யோகான் கிளெப்பர் 1907 இல் மடித்துச் சுமக்கத்தக்க வள்ளங்களைச் செய்யத் தொடங்கியபின் இது மலைநாட்டு ஆறுகளுக்கும் பரவிற்று. அடுத்துக் கண்ணாடி நார் வந்தது. 1970களிற் பொலிஎதிலீன் வந்தது. கண்ணாடி நார் பாறையில் மோதினாற் பிளக்கும். பொலிஎதிலீனோ நெளிந்து மீளும். சூடேற்றிய அச்சு இரு திசைகளிற் சுழல, உள்ளேயிட்ட பிளாத்திக்குத் தூள் உருகிச் சுவரிற் படிந்து ஒரே துண்டான வள்ளமாகின்றது. பாறைகளுக்கிடையே மனிதர் துணிந்து இறங்கியது இதன் பின்னரே பெருகிற்று.

மலையோடையில் நீர் குறைவு, இறக்கம் மிகுதி. படிபடியாக வீழும் நீரோடு வள்ளமும் வீழவேண்டும். அணியம் நீருக்குட் பாய்ந்து அடியிலுள்ள பாறைகளிடையே சிக்குமாயின், பின்னால் வரும் நீர் முழுவதும் செலுத்துபவரின் முதுகில் இறங்கும். அந்நிலையில் உயிர் தப்புதல் அரிது. ஆதலால் ஓடை வள்ளத்தின் அணியம் பருத்து உருண்டு, விற்போல் மேலே வளைந்திருக்கும். மிதப்பு மிகுதியாக இருத்தற்காக அதன் கனவளவும் பெரிது. நடுத்தர உடலினர்க்கு ஏறக்குறைய 300 இலீற்றர்.

அகன்ற ஆற்றிலோ இடர் வேறுவகையானது. அங்கே நீரின் விசை பெரிது. பெரும்பாறைகளின் பின்னே எதிர்த்திசையிற் சுழன்றோடும் நீர்ப்பரப்புகளே இளைப்பாறும் இடங்கள். விரைவோட்டத்தைக் குறுக்கே கடந்து அவற்றுட் புகவேண்டும். அதற்கு வேகமும், நீரைப் பற்றித் திரும்பும் பக்க விளிம்பும் வேண்டும். உருண்ட வள்ளம் நீரைப் பற்றாது வழுக்கிச் செல்லும். புகவேண்டிய இடம் கண்முன்னே கடந்துபோகும்.

இனி முரண்பாட்டைக் காண்போம். வில்வளைவு மிகுந்தால் இரு முனைகளும் நீருக்குமேல் உயர்கின்றன. நீரிற் படியும் நீளம் குறைகின்றது. ஒரு வள்ளம் தான் எழுப்பும் அலையையே தாண்ட இயலாது தடைப்படும் வேகம், அந்நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கப்பல்களின் தடையை மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்த வில்லியம் புரூட் (1810-1879) என்பார் இதே டார்ட் ஆற்றங்கரையிலுள்ள டார்ட்டிங்டனிற் பிறந்தவர் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. நீரிற் படியும் நீளம் 2 மீற்றராயின் அவ்வேகம் மணிக்கு ஏறக்குறைய 6.4 கிலோமீற்றர், 2.5 மீற்றராயின் 7.1 கிலோமீற்றர். இச்சிறு வேற்றுமையே ஓட்டத்தைக் கடப்பதற்கும் கடவாமைக்கும் உள்ள வேற்றுமையாகலாம்.

விளிம்பின் குணமும் குற்றமும் ஒன்றே. எதனையும் பற்றுதல் அதன் இயல்பு. ஓட்டத்துட் புகும்போது மேற்திசை விளிம்பு சிறிது தாழ்ந்தாலும் நீர் அதன்மேல் ஏறி வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். ஒரு மாரிக்காலத்தில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கூர்விளிம்பு வள்ளத்தில் ஆழங்குறைந்த பாறைத் தட்டொன்றின்மேற் பக்கவாட்டிற் சறுக்கினேன். விளிம்பு பாறை வெடிப்பிற் பற்றியது. மறுகணம் என் தலை நீருக்குள். தோள்மூட்டு நழுவி ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டேன். முன்னே சென்றவர்கள் உருண்ட வள்ளங்களில் அதே தட்டைச் சிரமமின்றிக் கடந்திருந்தனர். பிழை என்னுடையதுதான், ஆனால் என் வள்ளம் அப்பிழையைப் பொறுக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சராசரியை எடுத்தல் தீர்வன்று. அவ்வாறு செய்த வள்ளம் ஓடையிலும் தவறும், ஆற்றிலும் தவறும். நல்ல வடிவமைப்பாளர் ஒவ்வொரு குணத்துக்கும் வள்ளத்திலே தனியிடம் வகுக்கின்றார். முதலிற் பாறையைச் சந்திப்பது அணியமாதலின் அங்கே விளிம்பை உருட்டி, வில்வளைவைத் திடீரென மடியாமற் படிப்படியாக உயர்த்துகின்றார். இருக்கையின் கீழும் அதற்குச் சற்றுப் பின்னும் அடிப்புறத்தை ஓரளவு தட்டையாக்கி, விளிம்பைத் தெளிவாக வைக்கின்றார். உடலைச் சாய்த்து நீரைப் பற்றுவது அவ்விடத்திலன்றோ? பின்னணியத்தின் வளைவைக் குறைத்து நீரிற் படியும் நீளத்தை மீட்கின்றார். ஆனால் அங்கே கனவளவைக் குறைத்தல் ஆகாது. வீழ்நீரின் அடியில் மறித்துச் சுழலும் நீர் மெலிந்த பின்னணியத்தைப் பிடித்து அமிழ்த்தி, அணியத்தை வானுக்கு நிமிர்த்திவிடும். மேற்புறத்தையும் கூரைபோற் சரித்தால், ஏறிய நீர் தங்காது வழிந்தோடும்.

இங்கிலாந்தின் பிரானா நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ‘நைன் ஆர்’ என்னும் ஓடை வள்ளம் ஏறக்குறைய 9 அடி நீளமானது. நீண்டுயர்ந்த முன்வளைவும் வேகமும் ஒருங்கே அமையலாம் என்பதை அது பலருக்கும் காட்டிற்று. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

இவையெல்லாம் காகிதத்திற் சரியாயினும், வள்ளத்தின் எடை 20 கிலோகிராம் அளவே; அமர்பவரின் எடையோ அதன் மூன்று நான்கு மடங்கு. இருக்கையை இரண்டு அங்குலம் பின்னே தள்ளினால் ஆற்று வள்ளமும் குணங்கெடும். அதனாலேயே ஒரே வடிவைச் சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பல அளவுகளில் வார்க்கின்றனர். உலோக அச்சு விலையுயர்ந்தது. ஒருமுறை செய்தபின் மாற்றுதல் கடினம். ஆகையால் முதலில் மாதிரி வள்ளங்களைச் செய்து, ஆற்றில் இறக்கி, திருத்தி, மறுபடியும் இறக்குகின்றனர்.

வெளிவடிவைப் பற்றியே பேசுவோர் உள்ளமைப்பை மறந்துவிடுவர். பழைய வள்ளங்களின் திறப்பு சிறிய வட்டம். கால்களை நேராக உருவினாலன்றி வெளியேற இயலாது. சிக்கிய வள்ளத்தில் அது நடவாத காரியம். இக்காலத் திறப்போ முழங்காலை மடித்துத் தூக்கி வெளியேறும் அளவுக்கு நீண்டது. பாதங்களுக்கு முன் சிறு மிதிகளுக்குப் பதிலாக அகன்ற பலகை இருக்கின்றது. மோதும்போது பாதம் அதனைத் தாண்டி முன்னே நழுவாது. நான் புதிய வள்ளம் ஒன்றைப் பார்க்கும்போது அடிப்புறத்தைப் பிறகே பார்ப்பேன். முதலில் உள்ளே அமர்ந்து, முழங்காலைத் தூக்கிப் பார்ப்பேன்.

நம் நாட்டில் இத்தகைய வள்ளத்துக்கு ஏற்ற இடம் கித்துல்கல. களனி கங்கை அங்கே நுரைத்து அகன்று பாய்கின்றது. இறப்பர்த் தெப்பங்களில் மக்கள் அதில் இறங்குகின்றனர். அருகிலுள்ள மலைகளிலிருந்து சிற்றோடைகள் பாறைப் படிகளில் வீழ்ந்து அதனோடு கலக்கின்றன. தோள் இடங்கொடுக்குமாயின், அடுத்த விடுமுறையில் ஒரு வள்ளத்தோடு அங்கே செல்ல எண்ணியுள்ளேன். உடன்வர விரும்பும் மாணவர் நீந்தத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும்.