மூளையைப் படிக்க எந்தக் காலேஜ்?

பியூசி படிக்கும் பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "நான் மூளையைப் பத்திப் படிக்கணும்" என்று சொன்னால், பெங்களூர் ஈஜிபுராவின் தமிழ் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அப்போ நீட் எழுதணுமா?" என்பதாகத்தான் இருக்கும். எழுத வேண்டியதில்லை. நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பியல் டாக்டராக எம்.பி.பி.எஸ். தேவை. மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் நியூரோசயின்ஸுக்கு அது கட்டாயமில்லை. இயற்பியல், கம்ப்யூட்டர், உயிரியல், உளவியல், மொழியியல் என எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்குள் நுழையலாம்.

"சரி, எந்தக் காலேஜ்?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் சொல்வது சிரமம். நியூரோசயின்ஸ் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் கல்லூரிகள் இந்தியாவில் மிகக் குறைவு. பெங்களூர்க்காரர்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில்கூட, நரம்பறிவியலுக்கென்று தனி மையம் 2009-ல்தான் வந்தது. அங்கும், ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸிலும், ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையத்திலும் இத்துறைக்கான முக்கிய வாசல் பிஎச்.டி. அல்லது ஒருங்கிணைந்த பிஎச்.டி.தான். பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்கு மூளை என்பது பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயம், அவ்வளவே. மீதியை வகுப்புக்கு வெளியே தேடிக்கொள்ள வேண்டும். அதை உபரி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நம் கல்லூரிகள் இருக்கும் நிலையில் அதுதான் அசல் படிப்பு என்பேன்.

அந்தத் தேடலுக்கு ஈஜிபுரா மோசமான முகவரி இல்லை. 2017-ல் தொடங்கி ஆண்டுக்கணக்காக வெறும் தூண்களாகவே நின்ற மேம்பாலத்தைத் திட்டிக்கொண்டு, ஆடுகோடி வழியாக ஓசூர் ரோட்டுக்குப் போனால் நிம்ஹான்ஸ் வந்துவிடும். அக்கம்பக்கத்தில் பலருக்கு அது மனநல ஆஸ்பத்திரி மட்டும்தான். உள்ளே ஒரு மூளை அருங்காட்சியகம் இருப்பதும், அதைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. நிம்ஹான்ஸின் நரம்பு நோயியல் நிபுணர் டாக்டர் எஸ்.கே.சங்கர் பல பத்தாண்டுகளாகச் சேகரித்த மூளைகள் அங்கே ஜாடிகளில் வரிசையாக இருக்கின்றன. கட்டி வளர்ந்தவை, பக்கவாதத்தில் ரத்தம் கசிந்தவை, அல்சைமர் நோயில் சுருங்கியவை, நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் குடியேறியவை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு நிஜ மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கவும் விடுகிறார்கள். ஏறக்குறைய 1.4 கிலோ. ஃபார்மலினில் ஊறியதால்தான் அது விறைப்பாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் மூளை கெட்டித் தயிர் போலக் குழைவானது. பாடப்புத்தகப் படத்தில் இது பிடிபடாது.

அருங்காட்சியகத்தோடு சேர்ந்தே இயங்குவது, 1995-ல் தொடங்கிய மூளை வங்கி. இறந்தவரின் குடும்பம் சம்மதித்தால், சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்து, ஒரு பகுதியை ஃபார்மலினிலும் இன்னொரு பகுதியை உறைநிலையிலும் பாதுகாக்கிறார்கள். எலியின் மூளையை எவ்வளவு ஆராய்ந்தாலும் பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களைப் பற்றிச் சில கேள்விகளுக்கு மனிதத் திசுதான் பதில் சொல்லும்.

நிம்ஹான்ஸில் நரம்பியல் பேராசிரியராக உள்ள சுவர்ணா அல்லாடியின் ஆய்வு ஈஜிபுராவாசிகளுக்குச் சுவையானது. ஹைதராபாதில் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து அவர் குழு 2013-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட ஏறக்குறைய நாலரை ஆண்டு தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. அதற்கு முந்தைய மேலைநாட்டு ஆய்வுகளில் இருமொழிக்காரர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள். பலன் மொழியால் வந்ததா, புலம்பெயர்ந்த வாழ்க்கையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹைதராபாதில் அந்தக் குழப்பம் இல்லை. பிற்பாடு வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், மாடிவீட்டில் தெலுங்கு, ஆட்டோவில் உருது என்று வளரும் பிள்ளைகளின் தெருவே ஓர் ஆய்வுக்களம்தான்.

பக்கத்துக் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுராவில் இன்னொரு பெரிய வேலை நடக்கிறது. அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், அந்தக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் திட்டமிட்டு 2018-ல் தொடங்கியது. படித்த நகரவாசிகளுக்கென்று தயாரித்த ஞாபகத் தேர்வைப் பள்ளிக்கூடம் போகாத விவசாயியிடம் அப்படியே நீட்ட முடியாது. கேள்வியையே மாற்றி அமைப்பதும் இந்த அறிவியலில் அடக்கம்.

மாணவர் இதிலெல்லாம் எப்படி ஒட்டிக்கொள்வது? முதல் வாசல், மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்காரலாம். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் விசாரிப்பவர்கள்தான் அதிகம். கம்ப்யூட்டர் பக்கம் சாய்வுள்ளவர்களுக்கு, 2020-ல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் இணையவழிக் கோடைப் பள்ளி இருக்கிறது. மண்டையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலை பதியும் ஆய்வகங்களுக்குத் தன்னார்வலர்களின் தலை எப்போதும் தேவை. அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் சோதனை எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்தே பார்க்கலாம்.

ஆய்வகம் இல்லாமலும் தொடங்கலாம். நரம்பறிவியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 20 வயதில், பார்வை உணர்வு பற்றி எழுதிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. பிற்காலத்தில், துண்டிக்கப்பட்ட கை இன்னும் வலிக்கிறது என்றவர்களுக்கு அவர் கொடுத்த கருவியும் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடிதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயாலஜி எடுத்தால் கணக்கைத் தலைமுழுகிவிடலாம் என்ற ஆலோசனை பியூசி சேர்க்கையின்போது தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலை ஆய்வுப் பட்டத்தில் சேர பியூசியில் கணிதம் படித்திருக்க வேண்டும். நரம்பணு மின்துடிப்பைப் பதிவு செய்தால் கைக்கு வருவது எண்கள்தான். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியலும் கொஞ்சம் பைத்தானும் வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உள்ள பி.சி.எம்.பி. பிரிவில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.