மேலிருந்து பார்த்தால் எமது காணி

பல வருடங்கள் கைவிடப்பட்ட வயலில் பற்றை வளரும். பின்னர் மரமும் எழும். வானிலிருந்து எடுத்த இன்றைய படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது காடாகவே தெரியும். அங்கே வரம்பு கட்டி நெல் விதைத்தோம் என்பதை அறிந்தவர்கள் நாமே. ஆகவே இப்படங்களைக் கணனி எவ்வாறு வாசிக்கிறது என்பதை நாமும் தெரிந்திருப்பது நல்லது.

படம் சிறு சதுரங்களால் ஆனது. லான்ட்சற் செய்மதியின் படங்களில் ஒரு சதுரம் பொதுவாக 30 மீற்றர் நீள அகலமுடையது. ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. 2015இல் முதன்முதலாக ஏவப்பட்ட சென்ரினல்-2 செய்மதியின் படத்தில் 10 மீற்றர் வரை நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் வரும் ஒளி இலக்கமாகப் பதிவாகிறது. பச்சை இலை செந்நிற ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். நீரோ அகச்சிவப்பை உறிஞ்சிவிடும். இவ்வேறுபாட்டைக் கொண்டே கணனி குளம், பயிர், வெறுநிலம் எனப் பிரிக்கிறது.

பயிரும் பச்சை, பற்றையும் பச்சை. எனவே ஒரு நாட்படம் போதாது. காலபோக வயல் முதலில் ஈரமாகவும், பின் பச்சையாகவும், அறுவடையின் பின் வைக்கோல் நிறமாகவும் மாறும். பற்றைக்காடு அவ்வாறு மாறுவதில்லை. பல மாதப் படங்களை ஒப்பிட்டால் இரண்டும் பிரிந்து தெரியும்.

பழைய படங்களும் உண்டு. லான்ட்சற் படங்கள் 1972 முதல் சேர்ந்துள்ளன. 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 1956இல் எடுத்த விமானப்படங்களும் நில அளவைத் திணைக்களத்திடம் உள்ளன. இடம்பெயரு முன்னர் வயலாக இருந்த நிலத்தை இவை காட்டக்கூடும்.

ஆனால் கணனியும் பிழைவிடும். சல்வீனியா மூடிய குளத்தைப் புல்வெளி எனக் கணிக்கலாம். இடத்தை அறிந்தவர் சரிபார்த்தாற்றான் வரைபடம் நம்பத்தக்கதாகும். காணி யாருடையது என்பதையும், கிணற்று நீர் உவரா என்பதையும் படம் சொல்லாது. மிதிவெடியையும் காட்டாது. படத்தில் வெளியாகத் தெரிந்தாலும், வெடி அகற்றப்பட்டதென அதிகாரிகள் உறுதிசெய்யாத காணிக்குள் இறங்கவே கூடாது.

இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊரின் முதியவர்களோடு அமர்ந்து குளம், துருசு, வாய்க்கால், கிணறு, கோயில், பனை வரிசை ஆகியவற்றைப் பெயரோடு ஒரு தாளில் வரைவோம். உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதியோடு அதையும் பேணுவோம். காணி விசாரணை வரும்போது பழைய படத்தையும் ஒப்பிடுமாறு கேட்போம். மேலிருந்து எடுத்த படத்துக்கு, அந்த மண்ணில் நடந்தவரின் நினைவே துணை.