விசாவில் இருக்கிறீர்களா? துப்பாக்கியைத் தொடும்முன் படியுங்கள்

டெக்சாஸ் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகள் வெளியிடும் படங்களில் ஒருவகை அடிக்கடி கண்ணில் படுகிறது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு உறை, இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்த டெசர்ட் ஈகிள். சினிமாவில் பார்த்த அந்தப் பெரிய மேக்னம் கைத்துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு, அன்று மாலையே படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். படத்தில் இருப்பவர் எச்-1பி விசாக்காரராக, வேட்டை உரிமம் இல்லாதவராக இருந்தால், அந்தப் படம் அவரே தனக்கு எதிராகத் தயாரித்துக் கொடுத்த சாட்சியம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அதனால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மத்திய அரசின் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பு, 922(ஜி)(5)(பி) பிரிவைப் பாருங்கள். குடியேற்றம் சாராத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. விலைக்கு வாங்கி வீட்டில் பூட்டினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். சுடுதளத்தில் பத்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது வைத்திருந்ததுதான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். பேரனைப் பார்க்க பி-2 விசாவில் வந்த அப்பா அம்மாவும் அடக்கம். அதிகபட்ச சிறைத்தண்டனை 10 ஆண்டாக இருந்தது. 2022இல் அதை 15 ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டத்தில் இடமுண்டு.

“ரேஞ்சில் சுட்டதற்கெல்லாமா பிடிப்பார்கள்?” என்று கேட்பவர்கள் ரெஹைஃப் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் ரெஹைஃப். மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கியது. அவர் ஊர் திரும்பவில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. இதைத் தப்பிக்கும் வழியாக எண்ண வேண்டாம். கிரீன் கார்டுக்காக மாதாமாதம் விசா புல்லட்டினைப் பார்த்துத் தன் வரிசைத் தேதியை மனப்பாடமாகச் சொல்லும் ஒருவர், தன் நிலை தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் சொல்ல முடியும்?

சுடுதளத்தில் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அந்த இடத்திலேயே சுட்டுத் திருப்பித் தரும் வாடகைத் துப்பாக்கிக்கு, வாங்குவோர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் தேவையில்லை. எனவே கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். பொறுப்புத் துறப்புத் தாளில், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவன் என்ற வரி இருக்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்பது சட்ட அனுமதி ஆகாது.

வழி இருக்கிறது. அதுவும் எளிய வழி. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் இந்த மத்தியத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் அதை வழங்குவது மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை. அதன் இணையதளத்திலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் வாங்கலாம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்:

ஒன்று, மீன்பிடி உரிமம் செல்லாது. வேட்டை என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டு, டெக்சாஸ் ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பரில் பழைய உரிமத்தோடு போகிறவருக்கு உரிமம் இல்லை என்றே பொருள்.

மூன்று, முதலில் உரிமம், பிறகு துப்பாக்கி. சுட்டுவிட்டு வந்து வாங்கும் உரிமம் நேற்றைய குற்றத்தை அழிக்காது.

சொந்தமாக வாங்குகிறவர் 4473 படிவத்தில் விசா நிலையை உள்ளபடி எழுதி, ஐ-94 எண்ணைக் குறிப்பிட்டு, வேட்டை உரிம நகலை இணைக்க வேண்டும். பொய் எழுதினால் அதற்குத் தனியாக 10 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு நண்பரை வாங்கித் தரச் சொல்வது இன்னும் மோசம். அவரும் சேர்ந்து சிக்குவார். மனைவியோ கணவரோ குடியுரிமை பெற்றவராக இருந்து துப்பாக்கி வைத்திருந்தால், உரிமமில்லாத விசாக்காரருக்குப் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ தெரியக் கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் கெடுபிடி அதிகம்.

வேலை போனால்? எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். சட்டபூர்வ நிலை முடிந்தபின் வேட்டை உரிமமும் காப்பாற்றாது. அதற்குள் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் துப்பாக்கியையும் தோட்டாவையும் விற்று ரசீது வாங்குங்கள். இன்னொரு விசாக்காரர் வீட்டில் கொடுத்து வைக்காதீர்கள். கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்பதால் எதுவும் மாறிவிடாது.

உரிமத்தோடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெசர்ட் ஈகிள் ஏறத்தாழ 2 கிலோ எடை. பெரிய வகையின் குண்டு அரை அங்குல விட்டம். புதியவர் கையில் அது உதைத்து மேலே எழும்போது, விரல் தன்னையறியாமல் மீண்டும் விசையை அழுத்திவிடலாம். இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் சில முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடச் சொல்லுங்கள். மூடிய கூடத்தில் காதுக்குள் அடைப்பான், அதன்மேல் உறை, இரண்டும் அவசியம். தோட்டா சிக்கினால் குழலை இலக்குப் பக்கமே வைத்தபடி பணியாளரைக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையை ஊருக்குக் கொண்டு வராதீர்கள். பக்கவாட்டு அறையில் தங்கிவிட்ட ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தில் பிடிபட்டால், ஆயுதச் சட்டத்தின் 25(1பி) பிரிவில் வழக்கு. 2019 திருத்தத்துக்குப்பின் 2 முதல் 5 ஆண்டு சிறை. அப்படி மாட்டினால் கதை கட்டாமல் உடனே வழக்கறிஞரை அழையுங்கள். சுடுதள ரசீதைக் காட்டுங்கள். பையில் இருப்பதை அறியாமல் வந்ததை நிறுவ முடிந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம். ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி மாவட்ட நடுவரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அந்த அனுமதி பெறப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நண்பர்கள் இந்தச் சனிக்கிழமை சுடுதளத்துக்குக் கூப்பிட்டால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் சட்டைப்பையில் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள். ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வாங்காதீர்கள்.