இறங்காத விமானம்

“மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ட்ரோன் எங்கே இறங்கும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ருவாண்டாவில் ரத்தம் சுமக்கும் ட்ரோன்கள் இறங்கவே இறங்குவதில்லை.

2016 அக்டோபரில் ஜிப்லைன் நிறுவனம் அங்கே முஹாங்கா என்ற ஊரில் தொடங்கிய சேவை அது. கல்யாண வீட்டில் தலைக்குமேல் ரீங்கரிக்கும் நான்கு விசிறி வகையறா அல்ல. இறக்கை வைத்த குட்டி விமானம். விசிறி ட்ரோனுக்கு அந்தரத்தில் நிற்கவே பேட்டரி கரைந்துவிடும். இறக்கை இருப்பதால் இது சுமார் ஒன்றே முக்கால் கிலோ சரக்குடன் 80 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது. ஓடுபாதை? கிடையாது. சாய்வான தண்டவாளத்தில் வைத்துச் சுண்டிவிட்டால் அரை நொடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். ஆஸ்பத்திரிக்கு மேலே தாழப் பறந்து, காகிதப் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தளத்தில் இரண்டு கம்பங்கள், நடுவே ஒரு கயிறு. விமானத்தின் வாலில் சின்னக் கொக்கி. மொட்டைமாடித் துணிக்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பறந்துவரும் வேட்டி தானே வந்து மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு, வேட்டி எங்கே வருகிறது என்று சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிந்துகொண்டு, கடைசி நொடியில் கொடியே எழும்பி அதைப் பிடிக்கிறது. தவறினால் வேட்டி ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடி முயலும். எந்த வீட்டு வேட்டிக்கு இந்தப் பொறுப்பு உண்டு! சக்கரம் வேண்டாம், சமதளம் வேண்டாம். அந்த எடையெல்லாம் மிச்சம்.

சரித்திரமும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2013 டிசம்பரில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, நாலைந்து வருடத்தில் வீட்டு வாசலுக்கு ட்ரோன் வரும் என்றார். வாசல்கள் காத்திருந்தன, முஹாங்கா முந்திக்கொண்டது.

‘மலிவான ட்ரோன்’ என்ற பேச்சையும் பாதி நம்பினால் போதும். விமானம் மலிவாக இருக்கலாம். சுண்டிவிடும் பொறி, பிடிக்கும் கம்பங்கள், குளிர்பதன அறை, இரவும் பகலும் ஆட்கள் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். 2022-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு, 12,733 ரத்த ஆர்டர்களை அலசி, சராசரியாக 50 நிமிடத்தில் சேர்ந்ததாகச் சொன்னது. அதைவிடச் சுவையான எண் அதே ஆய்வில் இருக்கிறது: காலாவதியாகி வீணான ரத்தம் ஓராண்டில் 67 சதவீதம் குறைந்தது. கேட்டால் வந்துவிடும் என்ற தைரியம் இருந்தால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எந்த ஆஸ்பத்திரியும் அரிய வகை ரத்தத்தை வாங்கி அடுக்கிவைக்காது. சுமார் ஐந்து நாளில் கெட்டுப்போகும் தட்டணுக்களையும் முஹாங்காவிலேயே வைத்திருந்து, தேவைப்படும் ஊருக்கு மட்டும் சுண்டிவிடலாம்.