நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஏன் மக்கர் பண்ணுது?

ஆபீஸில் ஒழுங்காக ஓடிய பைத்தான் புரோகிராம், புது லேப்டாப்பில் ஏற்றியதும் அடம்பிடிக்கிறதா? கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது. மாறியது, அதற்குக் கீழே இருக்கும் லைப்ரரிகள்.

2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது பலருக்கும் நடந்தது இதுதான். 2006-க்குப் பிறகு வந்த முதல் பெரிய பதிப்பு மாற்றம் அது. பழைய நம்பைக்காக கம்பைல் செய்த பல பேக்கேஜ்கள் புதியதோடு ஒட்டவில்லை. 'இரண்டுக்குக் கீழேதான் வேண்டும்' என்று எங்கும் எழுதி வைக்காதவர்களுக்கு, பிப் புதுசையே இறக்கிக் கொடுத்துவிட்டது. பிப்பைத் திட்டிப் பயனில்லை, கேட்டதைத்தானே கொடுத்தது!

இதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு. நம்பை, மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி கனமான வேலைகளை ஓப்பன்பிளாஸ் என்ற வெளி லைப்ரரியிடம் தள்ளிவிடும். லினக்ஸுக்கு பிப்பில் வரும் நம்பைக்குள் அதன் ஒரு பிரதி, சைபைக்குள் இன்னொரு பிரதி. கட்டுச்சோறு மாதிரி, அவரவர் மூட்டையில் அவரவர் ஊறுகாய். கோண்டா பந்தி மாதிரி: பொதுவாக ஒன்றை வைத்து எல்லோருக்கும் பரிமாறும். இடம் மிச்சம்தான், ஆனால் அந்த ஒன்றை மாற்றினால் எல்லோர் இலையிலும் ருசி மாறும்.

நிஜமாகவே மாறும். கூட்டும் வரிசை வேறானால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் வேறாக வரலாம்.

சரி, என்ன பண்ணலாம்? 'பிப் ஃப்ரீஸ்' பட்டியலை புராஜெக்டோடு சேமித்து வையுங்கள். அதில் ஓப்பன்பிளாஸ் பதிப்பு இருக்காது. அதற்கு நம்பையின் 'ஷோ கான்ஃபிக்' தருவதையும் கூடவே ஒட்டி வையுங்கள்.