ஆக்சிஜன் போட்ட பூட்டு

ரத்தம் போய்ச் சேராத இடம் வலிக்கும். மாரடைப்பு வந்தவருக்கும், நாலடி நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுபவருக்கும் இது தெரியும். ஆனால் ஆக்சிஜன் குறைவால்தான் வலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 1931இல் தாமஸ் லூயிஸ் குழுவினர் வெளியிட்ட சோதனைகள் அதற்குத் தடை. கையில் பட்டையை இறுக்கி ரத்தவோட்டத்தை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கி நீட்டினால் சீக்கிரமே வலி எடுக்கும். கையைச் சும்மா வைத்திருந்தால் அப்படி வலிப்பதில்லை. வேலையை நிறுத்திய பிறகும் பட்டை இருக்கும்வரை வலி நீடிக்கும், தளர்த்தினால் சில நொடிகளில் விலகும். உழைக்கும் தசையில் ஏதோ ஒரு பொருள் தேங்கி நரம்பைச் சீண்டுகிறது என்றார் லூயிஸ்.

அந்தப் பொருள் அமிலம்தான் என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. இதயத்தின் உணர்வு நரம்புகளில் உள்ள ஏஎஸ்ஐசி3 என்ற அயனிக் கால்வாய், பிஎச் அளவு 7.4இலிருந்து 7க்கு இறங்கினாலே திறக்கத் தொடங்கும். லாக்டேட் அருகிலிருந்தால் இன்னும் எளிதாகத் திறக்கும். ஆயினும் மெக்கார்டில் நோயாளிகளின் தசை கிளைக்கோஜனிலிருந்து லாக்டிக் அமிலம் தயாரிக்க முடியாதது. உழைத்தால் அவர்களுக்கும் வலிக்கிறது, சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிகமாகவே. அமிலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது.

ஆக்சிஜனுக்கு நேரடிப் பங்கு இருப்பதை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடுகின் நெடியை நமக்கு உணர்த்தும் டிஆர்பிஏ1 கால்வாயின் ஒரு புரோலின் அமினோ அமிலத்தில், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது ஒரு நொதி ஹைட்ராக்ஸில் குழுவை ஒட்டிவிடுகிறது. அது ஒட்டியிருக்கும்வரை கால்வாய் அடங்கிக் கிடக்கும். இந்த வேலைக்கு ஆக்சிஜனே மூலப்பொருள். அது குறைந்தால் நொதி முடங்கும், பூட்டும் கழன்றுவிடும். செல்கள் ஆக்சிஜனை அளந்தறியும் விதத்துக்காக 2019இல் நோபல் பரிசு தரப்பட்டதே, அதில் வரும் நொதிகளும் இதே குடும்பம்தான். அப்படியானால் காற்று மெலிந்த மலையுச்சியில் ஏறுபவருக்கு உடம்பெல்லாம் வலிக்க வேண்டுமே என்று கேட்கலாம். வலிப்பதில்லை. பூட்டுக் கழன்றதாலேயே கதவு அகலத் திறந்துவிடாது. தள்ளுவதற்கு வேறொன்று வேண்டும். 2016இல் எலிகளின் பின்னங்காலில் ரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்துப் பிறகு விட்டபோது, அவை காலை நக்கத் தொடங்கின. டிஆர்பிஏ1 இல்லாத எலிகளிலும், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கொடுக்கப்பட்டவற்றிலும் அந்த நக்கல் குறைந்தது. ரத்தம் திரும்பும்போது பிறக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளே, ஏற்கெனவே கூர்மையாகிவிட்ட கால்வாயைத் தள்ளுகின்றன. ஆக்சிஜன் இல்லாத நேரத்தைவிட அது திரும்பிவரும் நேரத்தில் எலி அதிகம் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.